உள்ளே விட்ட துணி

ஊசி மறுபடியும் உடைந்துவிட்டது. காலையிலிருந்து இது இரண்டாவது. ஜாக்கெட்டும் நைட்டியும் தைக்கிற பதினாறாம் நம்பர் ஊசியை ஜீன்ஸ் பேண்ட்டின் இடுப்புப் பட்டியில் இறக்கினால் அதுதான் என்ன செய்யும், பாவம். பதினெட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். போன வாரமே நினைத்தேன். போன வாரம் நினைத்ததையெல்லாம் செய்திருந்தால் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டேன். முனை எங்கே விழுந்தது? மடியில் இல்லை, மிஷின் பலகையில் இல்லை, தரையைத் தடவினால் நூல் பிசிறும் கொக்கியும்தான் கையில் வருகின்றன. பட்டிக்குள்ளேயே சிக்கியிருந்தால் அவர் இடுப்பில் குத்தும். குத்தினால் ரத்தம் சீக்கிரம் நிற்காது, பிளேட்லெட் குறைவு என்று போன மாதமே சொல்லிவிட்டார்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துத் துணிமேல் ஓட்டினேன். டிக்கென்று வந்து ஒட்டிக்கொண்டது. அப்பாடா. மணி பத்தேகால். பதினொன்றரைக்கு ஆட்டோ வரும், பன்னிரண்டரைக்குள் ஈரோட்டு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அவர் உள் அறையில் மாத்திரை மயக்கத்தில் படுத்திருக்கிறார். மூச்சு வருகிறது, நின்று நின்று வருகிறது, அது எப்போதும் அப்படித்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது இன்றைக்கு எத்தனையாவது தடவையோ. அவர் எழுவதற்குள் இந்தப் பேண்ட்டை அதே ஆணியில், அதே மாதிரி, இடது கால் முன்னால் தொங்கும்படி மாட்டிவிட வேண்டும்.

அவருக்குத் தெரியக்கூடாது. இந்த எட்டு மாதமாக என் பிழைப்பே இந்த ஒரு வாக்கியத்தில்தான் ஓடுகிறது. அவருடைய அண்ணன் நாச்சிமுத்துவுக்கும் இதே வயிற்றுப் புற்றுதான் வந்தது. நல்லாத்தான் நடமாடிக்கொண்டிருந்தார், சந்தைக்குப் போனார், சீட்டு விளையாடினார். ஒரு கல்யாண வீட்டில் எவனோ ஒரு தூரத்துச் சொந்தக்காரன் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏனுங்கண்ணா, பாதியாப் போயிட்டீங்களே” என்று கேட்டுவிட்டான். சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார், பதினோரு நாள். நோய் கொன்றதா அந்த வாய் கொன்றதா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் இவர். இவருக்கும் வந்தபோது, முதல் தடவை மருந்து ஏற்றிக்கொண்டு வந்த அன்று, இந்தப் பேண்ட்டை மாட்டிக்கொண்டு இடுப்பில் கைவைத்து என் முன்னால் நின்றார். “பாரு சம்பூர்ணம். நான் கண்ணாடியையும் பாக்கமாட்டேன், அவனவன் பேசறதையும் கேக்கமாட்டேன். இந்த ஜீன்ஸ் இடுப்புல நிக்கறவரைக்கும் எனக்கு ஒண்ணுமில்ல.” நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரி “அப்படித்தானுங்க” என்றேன். இரண்டு மாதம் கழித்து அதை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தவர் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். பெல்ட் போடுகிற பழக்கம் கிடையாது, வயிற்றை அழுத்தும் என்பார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ராத்திரி ஒரு தடவை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மறுநாள் அவர் தூங்கும்போது பக்கத் தையலைப் பிரித்து ஒரு இன்ச் பிடித்தேன். “தொவச்சதுல சுருங்கியிருக்குதுங்க, நேத்து தொளதொளன்னு இருந்துச்சில்ல, போட்டுப் பாருங்க” என்றேன். போட்டுப் பார்த்தார். நின்றது. இரண்டு இட்லி சாப்பிட்டார். துவைத்தால் ஜீன்ஸ் சுருங்கும் என்று யார் முதலில் சொன்னார்களோ அவர்களுக்குக் கோடிப் புண்ணியம்.

பதினான்கு வருசத்துப் பேண்ட்டு இனி எங்கே சுருங்குவது? சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கியாயிற்று. பெல்லாரிப் பக்கம் ரிக்கு வண்டியில் இருந்தபோது ஒரு சந்தையில் வாங்கியது. அவர் போர் போடுகிற வண்டியில் டிரில்லர். வருசத்தில் ஒன்பது மாதம் ஊர் ஊராகப் பூமியைத் துளைத்துவிட்டு, ஆடிக்குத் திருச்செங்கோட்டுக்கு வருவார். வரும்போது இந்தப் பேண்ட்டு எந்த நிறத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. செம்மண்ணா, சாம்பல் கல்மாவா, கரிசலா, எந்த ஊரில் கடைசியாகத் துளைத்தாரோ அந்த நிறம். சேறு காய்ந்தால் ஆள் இல்லாமலேயே சுவரோரம் நிற்கும். உண்மையாகவே நிற்கும், நான் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஒரு தடவை விடியற்காலை அரை இருட்டில் அவர்தான் நிற்கிறார் என்று நினைத்து, காப்பி வேணுங்களா என்று கேட்டேன். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருசம் கேலி செய்தார். எத்தனை ஒட்டு, எத்தனை தையல். முட்டியில் இரண்டு பக்கமும் உள்ளே ஒட்டுப் போட்டு மேலே குறுக்கும் நெடுக்கும் ஓட்டியிருக்கிறேன். வலது தொடையில் வெல்டிங் பொறி விழுந்த நாலு ஓட்டைக்கு ஊசி நூலால் கையிலேயே அடைத்தேன். தொடை இடுக்கில் மூன்று தடவை. ஜிப்பு இரண்டு தடவை மாற்றியாயிற்று. பொத்தான் மட்டும் அதே பித்தளைப் பொத்தான், அது ஒரு நாளும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை. துவைக்கிற கல்லில் போட்டு அடித்து அடித்து என் தோள்பட்டைதான் போயிற்று, இதற்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இதன்மேல் கோபம் வருகிறது. சொல்லத்தான் வேண்டும், கோபமாகத்தான் வருகிறது. கல்லில் அடித்தாலும், நெருப்புப் பட்டாலும், டீசலில் நனைந்தாலும் ஒரு ஒட்டுப் போட்டால் இன்னும் ஐந்து வருசம் வருகிறது. மனுசனுக்கு அப்படி ஒரு ஒட்டுப் போட ஆள் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் துணியைப் பிடிப்பதும் விடுவதும்தான்.

புது ஊசி மாட்டியாயிற்று. இதுவும் பதினாறுதான், கடைசி ஊசி. பட்டியும் சீட்டுத் தையலும் சேருகிற இடத்தில் ஆறு மடிப்பு. விரலால் அழுத்தினால் கல். இஞ்சி தட்டுகிற குழவியை எடுத்து வந்து, பழைய துண்டை மேலே போட்டு நாலு தட்டு தட்டினேன். தட்டினால் துணி கொஞ்சம் படியும், ஊசி இறங்கும். சத்தம் கேட்டுவிட்டது. “என்ன புள்ள, இரும்பையா தெக்கற?” என்று உள்ளேயிருந்து குரல். குரல் மட்டும் இன்னும் ரிக்கு வண்டிக் குரல். “ஸ்கூல் பேக்குங்க. வாரு அந்து போச்சாமா” என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது இப்போதெல்லாம், வாயைத் திறந்தால் அதுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அந்த மூச்சு. மோட்டாரை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றினேன். ஒரு சுற்று, ஒரு தையல். ஒரு சுற்று, ஒரு தையல். முதல் இரண்டு தடவை பக்கத்தில் பிடித்தேன், அங்கே பாக்கெட் வந்து இடித்தது. மூன்றாவது தடவை பின்னால் சீட்டுத் தையலில். அதுதான் நல்ல இடம். எந்த மனுசனும் தன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்வதில்லை. உட்கார்ந்தால் உறுத்துகிறது என்று ஒருநாள் சொன்னார். உறுத்தாமல் என்ன செய்யும், உள்ளே கட்டையாக மடிப்பு. சீட்டு நைந்துபோயிற்று, உள்ளே ஒட்டுப் போட்டிருக்கிறேன் என்றேன். “ஒட்டுப் போட்டே காலத்த ஓட்டற நீ” என்று சிரித்தார்.

வெட்டிவிடலாம். இவ்வளவு மடிப்பு தேவையில்லை. ஒழுங்காகத் தைக்கிற எவரும் அதிகத் துணியை வெட்டி, ஓரம் அடித்துத்தான் கொடுப்பார்கள். வெட்டினால் ஊசி உடையாது, உறுத்தாது, சத்தமும் இல்லை. கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன். எட்டு மாதமாக ஒவ்வொரு தடவையும் எடுக்கிறேன். ஜூன் மாதம் யூனிபார்ம் தைக்கக் கொடுக்கிற தாய்மார்கள் துணியை வாங்கியதும் உள்ளே திருப்பித்தான் பார்ப்பார்கள். மேலே தையல் எப்படி என்பதெல்லாம் அப்புறம். “அக்கா, உள்ள துணி உட்டிருக்கறீங்களா?” அதுதான் முதல் கேள்வி. “ரெண்டு வருசத்துக்கு இருக்குது கண்ணு, பிரிச்சு உட்டுக்கலாம்” என்பேன். வளர்கிற உடம்புக்குத் துணி விட்டுத் தைப்பது எனக்குக் கைப்பழக்கம். இவர் ஒன்றும் வளர்கிற பிள்ளை இல்லை, ஐம்பத்திரண்டு வயசு. ஆனாலும் கத்தரிக்கோல் நகரவில்லை. வெட்டிவிட்டால் அப்புறம் விட முடியாது. டாக்டர் போன தடவை என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டு, எடை நின்றால்தான் அடுத்த மருந்து தாங்கும், இன்னும் இறங்கினால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் நல்லது என்றார். இன்றைக்குத்தான் அந்த எடை பார்க்கிற நாள். எடை நின்றிருக்கிறதா இல்லையா என்று மிஷினில் ஏறித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? எனக்குத் தெரியும். அவர் அரணாக்கயிற்றுக்குத் தெரியும்.

கயிறுதான் என் அளவு. தூங்கும்போது இடுப்பில் டேப்பு வைக்க முடியாது, சில்லென்று படும், எழுந்துகொள்வார். கயிறு தானாகவே இறங்கி இடுப்பெலும்புக்குக் கீழே வந்துவிடும். வந்ததும், “பழசு நஞ்சு போச்சுங்க” என்று சொல்லிவிட்டுப் புதுக் கறுப்புக் கயிற்றை இறுக்கமாகக் கட்டுவேன். கட்டும்போதே அதே நீளத்துக்கு இன்னொரு துண்டை விரலில் பிடித்து வெட்டி வைத்துக்கொள்வேன். இன்று காலை குளிப்பாட்டும்போது அப்படித்தான் செய்தேன். முடிச்சுப் போடும்போது அவர் வயிறு என் கை பட்டு உள்ளே போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் இங்கே வந்து கயிற்றை டேப்பில் வைத்தேன். டேப்பில் முதல் இன்ச் கிடையாது. பித்தளை முனை கழன்று, அந்த இன்ச்சும் கிழிந்துபோய் மூன்று வருசம் ஆகிறது. எது வந்தாலும் ஒன்று கழித்துக்கொள்ள வேண்டும். முப்பது காட்டியது, கழித்தால் இருபத்தொன்பது. உடம்பைவிட ஒரு இன்ச் தளர்வு வேண்டும், ஆகப் பேண்ட்டு முப்பதில் நிற்க வேண்டும். பேண்ட்டை அளந்தேன், முப்பத்து மூன்று. மூன்று இன்ச் பிடிக்க வேண்டும். மூன்று! ஒரே தடவையில் மூன்று இன்ச் போய்விட்டாரா? அந்த மூன்றைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சாக்பீஸ் எடுத்து, பட்டியில் மூன்று, கீழே போகப் போகக் குறைத்துச் சீட்டில் ஒன்று என்று கோடு போட்டேன்.

கத்தரிக்கோலை வைத்துவிட்டேன். ஒரு சுற்று, ஒரு தையல். பின் பாக்கெட் இரண்டும் இப்போது ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. போன மாதம் இரண்டு விரல் இடைவெளி இருந்தபோதே எதிர்வீட்டு வசந்தாமணி கண்டுபிடித்துவிட்டாள். அவர் வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். “ஏனக்கா, அண்ணன் பேண்ட்டுல ரெண்டு பாக்கெட்டும் சம்பந்தம் பேசறாப்ல பக்கத்துல வந்துருச்சே” என்று சத்தமாகச் சிரித்தாள். நான் முறைத்த முறையில் அவள் சிரிப்பு பாதியில் நின்றது. அப்புறம் அவளுக்கே புரிந்திருக்க வேண்டும், சாயங்காலம் ஒரு டம்ளர் ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனாள். அவளை அடக்கலாம். ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் பெண்ணையும் அடக்கி வைத்திருக்கிறேன், நம்பரை வாய்விட்டுச் சொல்லாதே கண்ணு, எழுதி மட்டும் வை என்று. அவருடைய மூக்குக் கண்ணாடியை ஒவ்வொரு தடவையும் நான் வீட்டில் மறந்துவிட்டு வருகிறேன். “உனக்கு இப்பெல்லாம் மறதி சாஸ்தியாப் போச்சு புள்ள” என்று திட்டுவார், வாங்கிக்கொள்வேன். முகத்தைப் பற்றிக் கவலையில்லை, மாத்திரை முகத்தை ஊதி வைத்திருக்கிறது, சவரக் கண்ணாடியில் பார்த்தால் முன்னைவிடக் கொழுகொழுவென்றுதான் தெரிவார். எல்லாப் பக்கமும் அடைத்தாயிற்று. எந்த ஓட்டையில் எப்போது பிய்யும் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதில்தான் எனக்கு இவ்வளவு அசதி. தையல் அல்ல, இந்தக் காவல். ஒருநாள், ஒரே ஒரு நாள், யாராவது வந்து இந்தப் பொய்யை எல்லாம் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, போய்ப் படு என்று சொன்னால் நான் அப்படியே இந்த மிஷின்மேல் தலையை வைத்துத் தூங்கிவிடுவேன். முடிந்தது. ஊசி உடையவில்லை. பட்டியைப் பூட்டி, மேலே இரட்டைத் தையலை அதே பழுப்பு நூலில் ஓட்டி, தோல் ஒட்டையும் லூப்பையும் பழைய இடத்தில் வைத்தாயிற்று. நூலை வெட்டி, சூடாகத் தேய்த்து, ஆணியில் மாட்டினேன். இடது கால் முன்னால்.

பதினொன்று. எழுந்துவிட்டார். முகம் கழுவுகிற சத்தம், கொப்பளிக்கிற சத்தம். கதவைச் சாத்திக்கொண்டார். உடுத்துவதற்கு இன்னும் என்னை விடுவதில்லை, அந்த ஒன்று மிச்சம் இருக்கிறது. நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டும்போது கிழிந்த முனை விரலில் பட்டது. ஒன்று. ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிற டேப்பு. கயிற்றுக்கு ஒன்று கழித்தேன். பேண்ட்டுக்கு? முப்பத்து மூன்று என்றேன். கழித்தேனா? முப்பத்து மூன்று என்று சொல்லி, மூன்று பிடிக்க வேண்டும் என்று அழுதேனே, அப்போது கழித்தேனா? கழிக்கவில்லை. போன தடவை முப்பத்திரண்டில் நிறுத்தியது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. இரண்டு பிடித்திருக்க வேண்டும், மூன்று பிடித்துவிட்டேன். இருபத்திரண்டு வருசமாகத் தைக்கிறேன், கைக்குழந்தைச் சட்டையில்கூட இப்படிப் பிசகியதில்லை. பட்டி இப்போது அவர் இடுப்பளவுக்கு நேராக இருக்கிறது, இருபத்தொன்பது, பனியனையும் சட்டையையும் உள்ளே விட்டால் சேராது. உள்ளே சத்தமே இல்லை. மடிப்பைத் தடவிப் பார்க்கிறாரோ? கழற்றி உள்ளே திருப்பிப் பார்க்கிறாரோ? திருப்பினால் தெரிந்துவிடும். பக்கத்தில் இரண்டு, பின்னால் இரண்டு என்று நாலு தடவை பிடித்த தையல், எட்டு மாதம் மொத்தமும் அங்கே அடுக்கி வைத்திருக்கிறேன், ரிக்கு வண்டியில் பூமிக்கு அடியில் எத்தனை அடியில் பாறை என்று தூசியைப் பார்த்தே சொல்கிற மனுசனுக்கு அதைப் படிக்க மூக்குக் கண்ணாடியே வேண்டாம். படித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாரா? இரும்புக் கட்டில் சத்தம் கேட்கிறதா? எழுந்து நிற்கிறேன்.

“சம்பூர்ணம்!”

கத்தினார். எட்டு மாதத்தில் என்னை அப்படிக் கத்திக் கூப்பிட்டதில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பனியனை உள்ளே விட்டு, சட்டையை உள்ளே விட்டு, இரண்டு கையாலும் பட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பித்தளைப் பொத்தானுக்கும் காஜாவுக்கும் நடுவே ஒரு விரல் அகலம். முகமெல்லாம் வேர்த்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார். பெல்லாரியிலிருந்தும் நாக்பூரிலிருந்தும் ஆடிக்கு வந்து லாரியிலிருந்து குதிக்கும்போது சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

“பாத்தியா புள்ள! சேரமாட்டீங்குது!”

நான் வாயைத் திறந்தேன். எப்போதும் தானாக வந்து உட்காருகிற பொய் ஒன்றுகூட வரவில்லை.

“சதை புடிக்குது! நான்தான் சொன்னனில்ல, இந்தத் தடவ மருந்து கேக்குதுன்னு. தொவச்சுச் சுருங்குச்சுன்னு சொல்லாத, நீ இதைத் தொவச்சு ஒரு மாசமாச்சு, எனக்குத் தெரியும்.” மூச்சு வாங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. “இன்னைக்கு மிசின்ல ஏறிக் காட்டறேன் அந்த டாக்டருக்கு. என்ற கண்ணாடிய எடுத்து உன்ற பையில வெய்யி, மறந்து கிறந்து தொலையாத. நம்பர நானே பாக்கோணும்.”

“ஆகட்டுங்க.”

“பசிக்குது. மாவு இருக்குதா? ரெண்டு தோசை ஊத்து. வேண்டா, மூணா ஊத்து.”

மூன்று. அவர் பேண்ட்டைக் கழற்றிவிட்டு லுங்கியைச் சுற்றிக்கொண்டார். பேண்ட்டை இரண்டாக மடித்து என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது கொஞ்சம் கூச்சப்பட்டார், புதுத் துணியைத் தைக்கக் கொடுக்கிறவர் மாதிரி.

“ஆட்டோ வர்றதுக்குள்ள கொஞ்சம் பிரிச்சு உட்டுக் குடு புள்ள. உள்ள துணி இருக்குதா?”

பேண்ட்டு கனமாக இருந்தது. இன்னும் தேய்த்த சூடு ஆறவில்லை.

“இருக்குதுங்க” என்றேன். “நெறைய இருக்குது.”